பெட்டிக்கு வாட்ஸ்அப் வைத்த மரியசெல்வி

திண்டுக்கல்லில் மரியசெல்வியின் கைப்பேசி எண் இல்லாத வீடு அநேகமாகக் கிடையாது. அந்த எண்ணுக்கு நேராக அவர் பெயரைப் போட்டு வைத்திருக்கும் வீடும் கிடையாது. சிலர் 'பெட்டி' என்று வைத்திருக்கிறார்கள். நாகல் நகரில் ஒரு மளிகைக்கடைக்காரர் 'அப்புறம் பாக்கலாம்' என்று பதிந்திருக்கிறார். நன்றாகப் படித்த ஆசிரியை ஒருவர் 'எடுக்காதே' என்று போட்டிருந்தார். அவருடைய மாமியார் இறந்த அன்று, அழுதுகொண்டே 'எடுக்காதே'யைத் தேடி எடுத்துத்தான் கூப்பிட்டார்.

மரியசெல்வி வாடகைக்கு விடுவது ஃப்ரீசர் பெட்டி. வெளியூரில் இருக்கும் மகனும் மகளும் வந்து சேரும்வரை இறந்தவரின் உடலைக் கெடாமல் வைத்திருக்கும், கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. இருப்பது ஒரே பெட்டி. அதை ஏற்றிப்போக ஒரு குட்டியானை வண்டி. வண்டியை ஓட்ட, பெட்டியின் ஒரு முனையைத் தூக்க, வழியெல்லாம் வாய் ஓயாமல் பேச, கணவர் பாக்கியராஜ்.

இந்தப் பக்கத்தில் விடைபெறும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. போகிறவர் போயே விடுவார் என்று பயம். 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மரியசெல்விக்கு மட்டும் இந்த வழக்கம் தலைகீழ். கறிவேப்பிலை வாங்கிவிட்டு அவர் "வாரேங்க்கா" என்று சொன்னால், காய்கறிக்காரம்மா ஒரு கட்டுக் கொத்தமல்லியை ஓசியாகக் கையில் திணித்து, "வர வேணாந் தாயி, போயிரு" என்பார். டீக்கடையிலும் அப்படித்தான், தையல்காரரிடமும் அப்படித்தான். கொத்தமல்லிக்காகவே கொஞ்சநாள் 'வாரேன்' சொல்லிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் 'போறேன்' என்றே பழகிக்கொண்டார். ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது.

பெட்டி வந்ததால் யாரும் சாவதில்லை. யாராவது செத்தால்தான் பெட்டி வருகிறது. எது முன்னால், எது பின்னால் என்கிற இந்தச் சின்னக் கணக்கு நிலாவுக்கு ராக்கெட் விடும் நாட்டில் இன்னும் பலருக்குப் பிடிபடவில்லை.

மரியசெல்வி இந்தத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. தாடிக்கொம்புக்கு அந்தப்பக்கம் அவர் மாமனார் கத்தரித் தோட்டம் வைத்திருந்தார். ஒரு சித்திரை வெயிலில் இறந்துபோனார். பிள்ளைகள் டவுனில் பெட்டி வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் முதலில் கேட்டது முகவரியை அல்ல. "நீங்க என்ன ஆளுக?" என்றார். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்: என்ன சாதி. பதிலைச் சொன்னதும் பெட்டி ரிப்பேராகிவிட்டது. மீன்கடையில் ஐஸ்கட்டி வாங்கி, மரத்தூளைப் பரப்பி, மாமனாரைப் படுக்க வைத்தார்கள். மறு வருஷம் மகளிர் குழுவில் கடன் போட்டு மரியசெல்வி பெட்டி வாங்கினார். ஒரே ஒரு விதி வைத்தார்: யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்குப் பெட்டி.

ஆனால் கேள்வி விடுவதாக இல்லை. வேறு வேஷத்தில் வந்தது.

"ஏம்மா, இதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியில இருந்தவுக என்ன ஆளுக?"

"செத்த ஆளுகய்யா" என்பார் மரியசெல்வி.

"அது தெரியும்மா. என்ன ஆளுக?"

"மூச்சு விடாத ஆளுக. உங்க வீட்டு ஆளும் அதே ஆளுகதான? கண்டிப்பா ஒத்துப்போகும்."

இப்படி நாலு பேரிடம் பேசினால் ஐந்தாவது ஆள் புகார் கொண்டுபோவான். புகார் போன இடம் கண்ணுசாமி வீடு. நத்தம் ரோட்டை ஒட்டி மரியசெல்வி பெட்டி வைத்திருக்கும் தகரச் செட்டு அவருடையது. சிமெண்ட் வியாபாரத்தில் சம்பாதித்து, கடையை மூத்த மகனிடம் விட்டுவிட்டு, தெருவின் நலச் சங்கத்துக்குத் தலைவராக இருப்பவர். ஆனி மாதம் ஒரு காலையில் செட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், பெட்டி கண்ணில் படாதபடி ஒருக்களித்து நின்றுகொண்டு பேசினார்.

"ஏம்மா, நான் ஒன்னும் சாதி பாக்குற ஆளு கெடையாது. உனக்கே செட்டு குடுத்துருக்கேன்ல?"

"வாடகை வாங்கிக்கிட்டுத்தானண்ணே?"

"அது வேற. தெருவுல நாலு பேரு கேக்குறாக. நீ ஒன்னு செய்யி. இன்னொரு பெட்டி வாங்கு. ஒன்னு நம்ம ஆளுகளுக்குன்னு தனியா இருக்கட்டும். இன்னொன்னு மத்தவுகளுக்கு. யாருக்கும் மனசு சங்கடம் இல்ல பாரு."

"மாட்டேன்னு சொன்னா?"

"ஆடி முடியவும் செட்டைக் காலி பண்ணிரு."

சாவுப்பெட்டிக்கு இடம் கொடுக்க டவுனில் வேறு ஒருவரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், மரியசெல்விக்கும் தெரியும். அந்தச் செட்டுப் போனால் பெட்டி போகும். இரண்டு பெட்டி வைத்தால், மாமனாரை மரத்தூளில் கிடத்திய அதே கேள்விக்குத் தானே கண்ணாடி மூடி போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகும். அன்று மரியசெல்வி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

பாக்கியராஜ்தான் யோசனை சொன்னார். "நீ வாயத் தொறந்தாத்தான வம்பு வருது? வாயவே மாத்திப்புடுவோம். வத்தலக்குண்டுல நம்ம அழகுராஜா பய, வாட்ஸ்அப்ல தானாப் பேசுற மிசினு வச்சுக் குடுக்குறானாம். கேக்குறவன் அதுகிட்டக் கேட்டுக்கட்டும். ஒரு வம்பும் கெளம்பாட்டி அண்ணனும் சும்மா இருந்துருவாரு."

அழகுராஜாவின் கம்ப்யூட்டர் சென்டர் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. கொடைக்கானல் பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் கத்திக் கத்தி விளக்கினார்.

"அக்கா, இதுக்குப் பேரு சாட்பாட். வாட்ஸ்அப் கம்பெனியில ஒரு கணக்குத் தொறந்து, உங்க நம்பரை அதோட கோத்துவிடணும். அப்புறம் யாரு மெசேஜ் போட்டாலும் அதுவே பதில் சொல்லும். ராத்திரி பகல் கெடையாது. கோவப்படாது."

"கோவப்படாதா? அப்ப எனக்குப் பதிலா அது எப்படி இருக்க முடியும்?" என்றார் மரியசெல்வி.

முதலில் அவர் போனில் இருந்த வாட்ஸ்அப்பை அழிக்கச் சொன்னார் அழகுராஜா. ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்கக்கூடாதாம். பிறகு ஓ.டி.பி. வந்தது. அடுத்து, தொழிலுக்கு ஒரு பெயர் கேட்டது. 'மரியசெல்வி பெட்டிக்கடை' என்று பாக்கியராஜ் சொல்ல, அப்படியானால் பீடி கேட்டு வருவார்கள் என்று மரியசெல்வி தடுத்துவிட்டார். கடைசியில் அழகுராஜாவே 'எம்.எஸ். கூல் பாக்ஸ்' என்று நாகரிகமாக வைத்தார்.

கணினி என்ன பேச வேண்டும் என்பது பாக்கி. வாடிக்கையாளருக்குத் தானாகப் போகும் வாசகங்களுக்கு அந்தக் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும். அழகுராஜா அதற்கு முன் ஒரு பிரியாணிக் கடைக்கு இதே வேலையைச் செய்திருந்தார். அந்த வாசகங்களுக்கு ஒப்புதல் கிடைத்திருந்தது. எனவே அதையே எடுத்து, 'பிரியாணி' என்று இருந்த இடத்திலெல்லாம் 'பெட்டி' என்று மாற்றிப் போட்டார். ஒரு நாளில் ஒப்புதல் வந்துவிட்டது. மற்றதைப் படிக்க நேரமில்லை. கீழே கொடைக்கானல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, அவருக்கு மலையில் இன்னொரு வேலை.

மறுநாள் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், தந்தையை இழந்தவர், 'பெட்டி வேணும்' என்று செய்தி அனுப்பினார்.

'வணக்கம்! பசியா? கவலை வேண்டாம்!' என்றது செட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிய மரியசெல்வி. 'எத்தனை பேருக்கு?'

'ஒருத்தருக்கு.'

'ஒருவருக்கு மட்டும்தானா? குடும்பத்தோடு வந்தால் தள்ளுபடி உண்டு!'

அழுதுகொண்டிருந்த மனிதர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சாவு வீட்டில் சிரித்ததற்கு அவருடைய அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தார். அவர் செய்தியைக் காட்டினார். அக்காவும் சிரித்தார். பெட்டியோடு போய் இறங்கிய மரியசெல்வி, ஒப்பாரிக்கு நடுவே ஒரு மூலையில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்து, சொத்துத் தகராறு போல என்று நினைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் அழகுராஜாவைப் போனில் பிடித்து அவர் கேட்ட கேள்விகளை இங்கே அச்சிட முடியாது. பசியையும் தள்ளுபடியையும் அழகுராஜா எடுத்துவிட்டார். மற்றவற்றை 'ஞாயித்துக்கெழமை பாத்துருவோம்க்கா' என்றார். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

அதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

'இதுக்கு முன்னாடி பெட்டில இருந்தவுக என்ன ஆளுக?' என்று எழுதியிருந்தார் ஒருவர்.

கணினிக்கு 'ஆள்' என்றால் எண்ணிக்கை. அது பதில் சொன்னது: 'ஆளுக்கு ஒரு பெட்டி. கூடுதல் ஆள் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.'

'அது இல்ல. முன்னாடி இருந்த ஆளு.'

'முன்பு இருந்தவர் எழுந்து சென்றுவிட்டார். உங்களுக்கான இடம் தயார்!'

பிரியாணிக் கடையில் மேசை காலியானதைச் சொல்லும் வாசகம் அது. கேட்டவர் அதை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். பிறகு 'எழுந்தா?' என்று ஒரு சொல் மட்டும் எழுதினார். கணினி 'மன்னிக்கவும், புரியவில்லை. தெளிவாகக் கேட்கவும்' என்றது.

தெளிவாகக் கேட்பதில்தான் சிக்கல். அந்தக் கேள்வியை வாயால் கேட்கலாம், இழுத்து, கனைத்து, கண்ணடித்து, பாதி சொல்லி மீதியைக் காற்றில் விடலாம். எழுத்தில் சாதிப்பெயரைப் போட்டு, தன் எண்ணோடு அனுப்பினால் அது சாட்சி. அந்தத் துணிச்சல் ஒருவருக்கும் வரவில்லை. ஒவ்வொருவரும் இரண்டு முறை சுற்றிவளைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு பெட்டி என்று அது ஒரே பாட்டாகப் பாடியது. பிறகு மரியாதையாக முகவரியைக் கொடுத்தார்கள். பல வருஷம் மரியசெல்வி தொண்டை வற்றக் கத்தியும் சாதிக்க முடியாததை, தமிழ் சரியாகத் தெரியாத ஒரு மிஷின் சாதித்துவிட்டது.

"தம்பி, எத வேணா திருத்து. அந்த ஒரு பதில மட்டும் தொட்டே, வத்தலக்குண்டு வந்து ஒதைப்பேன்" என்று அழகுராஜாவிடம் சொல்லிவிட்டார்.

புகார் வருவது நின்றதும் கண்ணுசாமிக்குச் சந்தேகம் வந்தது. அவள் என்னதான் பதில் சொல்கிறாள்? ஒருநாள் அந்த எண்ணுக்குத் தானே செய்தி போட்டார். கேள்வியைக் கேட்பதற்கு முன், கணினி முந்திக்கொண்டு, 'பெயர்?' என்றது. வங்கி, ரேஷன், ஆதார் என்று வாழ்நாள் முழுவதும் எந்த இடத்தில் பெயர் கேட்டாலும் தன் பெயரையே எழுதிப் பழகிய மனிதர். 'கண்ணுசாமி' என்று எழுதினார். 'முகவரி?' எழுதினார். 'இன்னொரு தொடர்பு எண்?' மனைவி புவனேஸ்வரியின் எண்ணைக் கொடுத்தார்.

'நன்றி! கண்ணுசாமி அவர்களுக்குப் பெட்டி எப்போது வேண்டும்? 1. இன்றே. 2. நாளை. 3. இந்த வாரத்துக்குள்.'

அப்போதுதான் உறைத்தது. போனைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

மறுநாள் விடிந்ததும் செய்தி வந்தது: 'கண்ணுசாமி அவர்களே! உங்கள் ஆர்டர் பாதியில் நிற்கிறது. ஆறிப்போகும் முன் முடித்துவிடுங்கள்!'

அதற்கு மறுநாளும் அதே செய்தி. பாதியில் விட்ட ஆர்டரை நினைவூட்டுவது பிரியாணி வியாபாரத்தின் தர்மம். கண்ணுசாமிக்கு அது எமதர்மம். நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காப்பியை நிறுத்தினார். கொடைரோட்டில் ஒரு ஜோசியரிடம் போனார். அவர் ஜாதகத்தைப் புரட்டிவிட்டு, "மெசேஜ் எந்தத் திசையிலருந்து வருது?" என்று கேட்டார். செல்போன் கோபுரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதாகக் கண்ணுசாமி ஒப்புக்கொண்டு, கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு திரும்பினார். வீட்டுக்கு வந்து, தைரியத்தையெல்லாம் திரட்டி, 'நான் உயிரோடதான் இருக்கேன்' என்று எழுதினார்.

'மிக்க மகிழ்ச்சி! எப்போது வேண்டும்?' என்றது அது.

எண்ணைத் தடை செய்துவிட்டார். தடை செய்தால் கணினி விட்டுவிடுமா? முதல் எண் கிடைக்காவிட்டால் இரண்டாவது எண். புவனேஸ்வரியின் போனில் வந்தது: 'எம்.எஸ். கூல் பாக்ஸ். கண்ணுசாமி அவர்கள் கேட்ட பெட்டியை உறுதி செய்ய 1ஐ அழுத்தவும்.'

புவனேஸ்வரி வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் மாசக்கணக்கில் ஆகியிருந்தது. புதுசு வாங்கித் தாருங்கள் என்று கேட்டு அலுத்திருந்தார். கூல் பாக்ஸ் என்று பார்த்ததும், மனுசன் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்பாடு பண்ணியிருக்கிறாரே என்று நெஞ்சம் நெகிழ்ந்து, 1ஐ அழுத்தினார். சமையலறையில் பழைய ஃப்ரிட்ஜை நகர்த்தி இடத்தைக் கழுவியும் விட்டார்.

மறுநாள் காலையில் மரியசெல்வியின் போனுக்கு எஸ்.எம்.எஸ்ஸாக ஆர்டர் வந்தது. பெயரையும் முகவரியையும் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, நம்ம கண்ணுசாமியண்ணன் போயிட்டாரே!"

"காலி பண்ணச் சொன்னவரு அவரே காலி பண்ணிட்டாரா?" என்றார் பாக்கியராஜ்.

"வாயக் கழுவு. என்ன இருந்தாலும் நமக்கு எடங்குடுத்த மனுசன். வண்டிய எடு."

வழியில் ஒரு மாலையும் வாங்கினார்கள். வீட்டு வாசலில் கூட்டமில்லை, பந்தலில்லை. இப்போதுதான் நடந்திருக்கும் போல என்று நினைத்து, பெட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இறக்கி, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். மரியசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே..." என்று குரலெடுத்தார்.

"என்னம்மா?" என்று வாயில் வேப்பங்குச்சியோடு பனியனில் வந்து நின்றார் கண்ணுசாமி.

மரியசெல்வி போட்ட அலறலில் தெருவில் மூன்று கதவுகள் திறந்தன. பாக்கியராஜ் தன் முனையைக் கீழே போட்டார். கண்ணுசாமி பெட்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், உச்சியில் கோயில் உள்ள திண்டுக்கல் கோட்டைமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளேயிருந்து புவனேஸ்வரி, "ஃப்ரிட்ஜ் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, நின்று, பெட்டியின் நீளத்தை மேலும் கீழும் அளந்தார்.

"இதென்னங்க, படுக்கை வசமா இருக்கு?"

விளக்கம் சொல்லிப் புரியவைக்கச் செத்த நேரம் பிடித்தது. புரிந்ததும் புவனேஸ்வரி படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணுசாமியின் மானம் பாதி போனது.

"மொதல்ல இத வெளிய எடுங்க!" என்று கத்தினார் அவர். பாக்கியராஜ் குனிந்தார். "நில்லு! எடுக்காத! ஒரு வீட்டுக்குள்ள வந்த பெட்டி வெறும் பெட்டியாத் திரும்பக்கூடாதுன்னு சொல்லுவாகளே!"

"அப்பிடியா? அப்ப ஏறிப் படுங்கண்ணே. முக்கு வரைக்கும் போயிட்டு எறக்கி விட்டுர்றோம்" என்றார் மரியசெல்வி. இப்போது அவருக்குக் கண்ணீர் காய்ந்து குரல் வந்துவிட்டது.

கண்ணுசாமி பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தார். என்ன இருந்தாலும் பழக்கம் விடுமா? குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இதுல இதுக்கு முன்னாடி..." என்று இழுத்தார்.

"கேளுங்க. முழுசாக் கேளுங்க."

கண்ணுசாமி தெருவில் திறந்திருந்த மூன்று கதவுகளையும் பார்த்தார்.

"அண்ணே, உள்ள படுத்தவுக ஒருத்தரும் இன்னைக்கு வரைக்கும் அந்தக் கேள்வியக் கேட்டதில்ல. வெளிய நிக்கிறவுகதான் கேக்குறாக. நீங்க எந்தப் பக்கம்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கனப் பதில் சொல்றேன்."

"அவரு இன்னும் வெளியதான் இருக்காரு" என்றார் புவனேஸ்வரி படியிலிருந்து. "ஏன் செல்வி, என்னத்தக் கேக்குறாரு?"

மரியசெல்வி சொன்னார். இரண்டாவது பெட்டியையும், ஆடிக் கெடுவையும் சேர்த்துச் சொன்னார். புவனேஸ்வரியின் சிரிப்பு நின்றது.

"செட்டு எங்கப்பா குடுத்தது. ஏன்ட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

கண்ணுசாமி வேப்பங்குச்சியை மென்றார்.

"அதெல்லாம் அப்புறம். அந்த மெசேஜ நிறுத்தும்மா மொதல்ல" என்றார்.

"நிறுத்திருவேன். ஆனா நீங்க சொன்னபடி ரெண்டாவது பெட்டி வாங்குனா அதுக்கும் வாட்ஸ்அப்பு உண்டுண்ணே. உங்க ஆளுகளுக்குன்னு தனிப்பெட்டி, அதுல மொதப் பேரு உங்க பேருதான். காலையில ஒரு மெசேஜு, சாயங்காலம் ஒன்னு."

இது முழுப்பொய். கண்ணுசாமியின் கை கறுப்புக் கயிற்றைத் தேடியது.

"ஒரு பெட்டியே போதும்" என்றார்.

"எல்லா ஆளுகளுக்கும்?"

"ஆளுக்கு ஒரு பெட்டிதான?" என்றார் எரிச்சலாக. கணினி பாடும் அதே வாசகத்தைத் தன் வாயே சொன்னதை அவர் கவனிக்கவில்லை.

"செட்டு?"

"இருந்துட்டுப் போ."

நியாயம் புரிந்து அவர் இறங்கி வரவில்லை. பயந்துபோய் வந்தார். மூடநம்பிக்கை தப்பித் தவறி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது என்பதற்காக அதற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. செட்டு மிஞ்சியது, அது போதும்.

பெட்டி வெறுமனே போகக்கூடாது என்று கண்ணுசாமி பிடித்த பிடியில் நின்றார். புவனேஸ்வரி உள்ளே போய், ஒரு தார் சிறுமலை வாழைப்பழத்தைத் தூக்கி வந்து, கண்ணாடியைத் திறந்து நடுவில் கிடத்தினார். அதன்மேல் பாக்கியராஜ் அந்த மாலையைப் போட்டார், வீணாக்க மனமில்லாமல். பெட்டி வண்டியில் ஏறியது. புவனேஸ்வரியின் போன் சிணுங்கியது.

"'உங்கள் பெட்டி வந்து சேர்ந்தது. சுவை எப்படி? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?'" என்று உரக்கப் படித்தார். நாலு கொடுத்தார். ஒன்று ஏன் குறைந்தது என்று அது கேட்டது. 'பெட்டி நல்ல கூலிங். ஆளு ஏறல' என்று எழுதி அனுப்பினார்.

மரியசெல்வி வண்டியில் ஒரு கால் வைத்து, பழக்கத்தில், "சரிண்ணே, போ..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். காலை இறக்கித் திரும்பி நின்று, வாய் நிறையச் சொன்னார்:

"வாரேண்ணே."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணுசாமி வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். மனைவியைப் பார்த்தார். புவனேஸ்வரி போனில் 1க்கு மேல் விரலைத் தயாராக வைத்திருந்தார்.

"ம்... வா" என்றார் கண்ணுசாமி. பிறகு அவசரமாக, "மெதுவா வா" என்றார்.